சாப்பாடு இல்லை, டிபன்தான்

பஞ்சை எங்கே போடுவதென்று தெரியவில்லை. முழங்கை மடிப்பில் வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்ன பஞ்சு, அதில் குங்குமப் பொட்டு அளவுக்கு ரத்தம். தெருவில் போட்டால் யாராவது மிதிப்பார்கள், அவளுடைய ரத்தத்தைச் செருப்பில் ஒட்டிக்கொண்டு தென்காசி முழுக்க நடப்பார்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும், இனிக்கிற ரத்தம்தானே, வரிசை கட்டி வரும், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று இது யாருடையதோ என்று பார்ப்பார்கள். சங்கரவடிவு பஞ்சை முந்தானை முனையில் முடிந்துகொண்டு ரத்தம் சோதிக்கிற லேப்பின் படியிறங்கினாள். வயிறு கூப்பாடு போட்டது. உள்ளே ரத்தம் எடுத்த பெண், பெனிட்டா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தாள், பேச்சு வாக்கில் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். "இப்பப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கக்கா. முத வாய் வைக்கிற நேரத்தப் பாத்துக்கோங்க, அதுலருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுக்கணும்." என்னத்தைச் சாப்பிட என்று கேட்டதற்கு, "தெனமும் என்ன சாப்பிடுவீங்களோ அதத்தான். கூடவும் வேண்டாம், கொறச்சும் வேண்டாம். மாத்திரையையும் போட்டுக்கோங்க" என்றாள். தினமும் சாப்பிடுவதைச் சாப்பிடு. அதில்தானே எல்லாச் சிக்கலும். போன மாசம் டாக்டர், மூத்த மகன் வயசுதான் இருக்கும் அவருக்கு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், மாத்திரை எல்லாம் ஏத்திப் பாத்தாச்சும்மா, அடுத்த தடவை சாப்பிட்ட பிறகு எடுக்கிற ரத்தத்துல இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான் என்று. அன்றைக்கு வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. ஊசி என்ற சொல்லை அவர், அவள் புருஷன் பிச்சையா, இழவு சொல்லுகிற மாதிரிதான் வாயில் எடுத்தார். அவருக்கு ஊசி என்றால் கடைசிக் கட்டம். அதற்கு அப்புறம் காலை எடுப்பார்கள், அதற்கு அப்புறம் பந்தல் போடுவார்கள், அவ்வளவுதான் அவர் கணக்கு.

அவர் கணக்குத் தப்பு என்று சொல்லவும் அவளிடம் ஆள் இல்லை. போன் அடித்தது. அவரேதான். பின்னால் அவர்கள் நடத்துகிற மாவு மில் ஓடுகிற சத்தம், அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்திப் பேசியே பழகிய குரல். "ஏட்டி வடிவு, எடுத்தாச்சா? சரி கேளு. ஒரு இட்லி. ஒண்ணே ஒண்ணு. காப்பி வேண்டாம். தின்னுட்டு ஒரு எடத்துல உக்காராத, கோயிலச் சுத்தி விறுவிறுன்னு நட. பொறவு போயி ரத்தம் குடு. இறங்கிரும்." யார் சொன்னது என்றாள். "எங்க பகவதியக்காதான் சொல்லுதா. அவ வீட்டுக்காரர் இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் குடுக்காராம்." பகவதி மதினி அவருடைய அக்கா, பக்கத்து வீடு, உலகத்தில் இருக்கிற எல்லா வியாதிக்கும் அவளிடம் ஒரு குறுக்குவழி உண்டு. "வீட்டுல ஒரு இட்லியா திங்கேன்?" என்று வடிவு கேட்டாள். "வீட்டுல திங்குறத ஏன்ட்டி அவன்கிட்டப் போயிக் காட்டணும்?" என்றார் அவர், போனை வைத்துவிட்டார். கோபம் இல்லை அதில். பயம். பயந்தால் அவர் இப்படித்தான் சத்தமாகவும் சுருக்கமாகவும் ஆகிவிடுவார். ஒரு இட்லி தின்னு, நட, பாஸாகிவிடு. எட்டாவதோடு நின்றவளுக்கு இனிமேல் எழுத ஒரு பரீட்சை இதுதான் மிச்சம் என்கிற மாதிரி. பெரிய மனுஷி ஆனதும் பையைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டு மில் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், அந்த வருஷத்து முழுப் பரீட்சையை அவள் எழுதவேயில்லை. பாஸா பெயிலா என்று யாரும் சொல்லாமல் அப்படியே நிற்கிறது அது. அதனால் பாஸாகிவிடு என்றால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்காரத்தான் செய்கிறது. ஒரு இட்லி. ஒரு மணிக்கூர் நடை. இறங்கிருச்சும்மா, நல்ல கட்டுப்பாடு என்று டாக்டர் சொல்லுவார். ஊசி இல்லை. வீட்டில் எல்லாரும் பழையபடி உரக்கப் பேசுவார்கள். ஆசையாகத்தான் இருந்தது.

ஆவுடையக்கா இப்படித்தான் பாஸானாள். ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் கூடப் பிறந்த அக்கா. ரத்தம் குடுக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே பாகற்காய்ச் சாறும் மோருமாகக் கிடப்பாள். குடுத்துவிட்டு வந்து போன் போடுவாள், பாஸாயிட்டேன்ட்டி என்பாள், குரலில் அப்படி ஒரு சந்தோஷம், அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அடைப் பாயசம் இருக்கும். டாக்டரும் சந்தோஷப்பட்டு மாத்திரையைக் குறைப்பார். அவர் நல்ல ரத்தத்துக்கு மருந்து குடுத்தார், கெட்ட ரத்தம் வீட்டிலேயே இருந்தது. கட்டைவிரல் கறுத்தது. செருப்பு கடித்த காயம் என்றார்கள். பிறகு பாதம். பிறகு முழங்கால் வரைக்கும். ஆஸ்பத்திரியில் போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது, அந்தத் தட்டையான இடத்தில் யாரோ சாத்துக்குடிப் பையை வைத்திருந்தார்கள், வடிவு அதைத்தான் முதலில் எடுத்துக் கீழே வைத்தாள். அப்போதும் நர்ஸ் வந்து விரலில் குத்திவிட்டுப் போனதும் அக்கா கேட்டாள், "எவ்வளவுட்டி, பாஸா?" என்று. என்ன பதில் சொன்னோம் என்று வடிவுக்கு ஞாபகமில்லை. ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். வேறு என்ன சொல்ல முடியும் அந்த முகத்தைப் பார்த்து. வடிவு தெரு முனையில் நின்றாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், விலகிக்கொண்டாள். காலைக் கீழே வைத்தால் தரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். இது இப்போது அவளுக்கு ஒரு வழக்கம். வலது உள்ளங்காலில் ஒரு இடம், உள்ளங்கை அகலம், அங்கே மட்டும் எப்போதும் ஒரு துணி சுற்றியிருப்பது போலத் தோன்றும். சென்ற மாசம் மில்லிலிருந்து வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றப் போனால், வலது காலில் செருப்பே இல்லை. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தோம், ஒன்றும் தெரியாது. வெயில் நேரத்துத் தார் ரோடு. திரும்பப் போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். ரோட்டின் நடுவில் தனியாகக் கிடந்தது, பார்க்க யாரோ ஒருத்தி அந்த இடத்தோடு மறைந்துபோன மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் கடைசிக் கட்டம் என்பார், மதினி மருதாணி அரைத்துக் கட்டச் சொல்லுவாள். ஒரு இட்லி. நட. நடக்கச் சொல்கிறவர்களுக்குத் தெரியுமா எந்தக் காலால் நடக்கிறாள் என்று.

அவள்தான் என்ன குறை வைத்தாள். சீனியைத் தொட்டு வருஷக் கணக்காகிறது. சீனியை விட்டாள், வெல்லத்தை விட்டாள், மாம்பழக் காலத்தில் தெருவையே சுற்றிக்கொண்டு போனாள். சீனிக்கிழங்கு அவிக்கிற வாசனை வந்தால் எழுந்து புறவாசலுக்குப் போய்விடுவாள். மரச்சீனிக் கிழங்கையும் நிறுத்தியாகிவிட்டது. ஒருநாள் அவர் சந்தையிலிருந்து வந்தவர் பையைத் தலைகீழாகக் கொட்டி, சீனி அவரைக்காயை மட்டும் பொறுக்கித் தனியே வைத்தார். இது உனக்கு ஆகாது என்றார். ஏன் என்றால், பேரிலேயே சீனி இருக்கே என்றார். சரிதான் என்று தோன்றியது அவளுக்கும். கோடை முழுக்க அவரும் பிள்ளைகளும் சீனி அவரைக்காய்ப் பொரியல் தின்றார்கள், அவள் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இன்னும் ரெண்டு இடியாப்பம் வைத்துத் தின்றாள். இன்று காலையில், கையில் ரப்பர் கயிற்றைக் கட்டும்போது வலி தெரியாமல் இருக்கப் பேச்சுக் குடுத்ததில், இதைச் சொன்னாள். பெனிட்டா சிரித்த சிரிப்பில் ஊசியே ஆடியது. "அய்யோ அக்கா, அது வெறும் நாரு. வெளியூருல கொத்தவரங்கான்னு சொல்வாங்க. அதத் தின்னா சீனி ஏறாது." பின்னே எதில்தான் ஏறுகிறது, நான்தான் சீனியே தொடுவதில்லையே, கருப்பட்டி மட்டும்தான் என்றாள் வடிவு. "கருப்பட்டியும் சீனிக்குத் தங்கச்சிதானக்கா. கறுப்பா இருந்தா வேற சாதியா? அரிசி, கோதும, ரவ, கெழங்கு எல்லாமே உள்ள போனா சீனிதான். சிலது ஓடி வரும், சிலது நடந்து வரும். அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று பஞ்சை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். ஓடி வருவது எது, நடந்து வருவது எது என்று கேட்பதற்குள் ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கருப்பட்டி கூடவா. எவ்வளவு நம்பிக்கையாக இடித்து இடித்துக் காப்பியில் போட்டாள். மண்ணு மாதிரி இருக்கிறது, மருந்து மாதிரி மணக்கிறது, அதுவும் கூட ஏமாற்றுமென்றால் எதைத்தான் நம்புவது.

ஓட்டலுக்குள் நுழைந்தாள். தனியாக ஓட்டலில் சாப்பிட்டதே இல்லை அவள். பெண்களுக்கென்று திரை போட்ட அறை ஒன்று உள்ளே இருந்தது, அங்கே போகவில்லை, வாசலைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டால் தெரியாது, இன்றைக்கு ஒளிந்து தின்னக் கூடாது என்று மட்டும் தோன்றியது. பரிமாறுகிறவர் தோளில் துண்டோடு வந்து தண்ணீர் வைத்தார். "என்னக்கா வேணும்?" சாப்பிடணும் என்றாள். "சாப்பாடு பன்னெண்டு மணிக்குத்தாங்க்கா. இப்ப சாப்பாடு இல்ல, டிபன்தான் இருக்கு." அவள் அவரையே பார்த்தாள். "டிபன் சாப்பாடு இல்லையா?" என்றாள். "டிபன் எப்படிக்கா சாப்பாடு ஆவும்? டிபன் டிபன், சாப்பாடு சாப்பாடு" என்று அவர் பொறுமையாகச் சொன்னார், காது கேட்காதவளிடம் சொல்வது போல. டாக்டர் கேட்டார். முதல் தடவையே கேட்டார். சாப்பாடு எத்தனை வேளைம்மா என்றார். ஒரு வேளைதான் டாக்டர் என்றாள். பொய் சொல்லவில்லை. சாமி மேல் ஆணையாகப் பொய் இல்லை. மத்தியானம் மட்டும்தான் சோறு. காலையில் இட்லி, ராத்திரி தோசை, இல்லாவிட்டால் இடியாப்பம், சில நாள் புட்டு. அதை எல்லாம் யார் சாப்பாடு என்பார்கள். சனிக்கிழமை ஒருபொழுது இருக்கும்போது மதினி கேட்பாள், இன்னைக்கிச் சாப்பிடலையா என்று, இல்ல மதினி, பலகாரம்தான் என்பாள், ஏழு தோசை தின்ற வாயால். அதற்குப் பேர் விரதம். டாக்டர் தலையை ஆட்டினார், நல்லது, ஒரு வேளைதான் சாப்பிடுறீங்க, பிறகு ஏன் ஏறுது என்று நெற்றியைச் சுருக்கினார், மாத்திரையை ஏற்றினார். அடுத்த தடவையும் கேட்டார். அதே பதில். மாத்திரையை ஏற்றினார். அந்தப் பிள்ளை என்ன செய்வார் பாவம், இவள் ஒரு வேளை தின்று உயிர் வாழ்கிறாள் என்று நம்பி ராத்திரியெல்லாம் யோசித்திருப்பாரோ என்னவோ. அவருக்கு டிபன் எங்கே போனது என்று தெரியாது. இவளுக்கு அவர் கேட்டது அதையும் சேர்த்துத்தான் என்று தெரியாது. இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு வேற வேற ஊர் பஸ்ஸைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். "அக்கா, என்ன கொண்டு வரட்டும்?" அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு இட்லி என்று சொல்ல வாய் போனது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும், எழுந்து கோயிலைச் சுற்றி நடந்துவிட்டுப் போய்க் கையை நீட்டினால் போதும். வீட்டில் என்ன தின்கிறாள் என்று அவளே ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் வார்த்துப் போட்டு முடித்த பிறகு அடுப்படியிலேயே நின்றுகொண்டு தின்பது. நின்று தின்பதற்குக் கணக்கு கிடையாது. நாலு இட்லி. மாவுச் சட்டியை வழித்து, கழுவின தண்ணியையும் சேர்த்து, வீணாகக் கூடாதே என்று ஊற்றுகிற ஒரு தோசை. கருப்பட்டிக் காப்பி. யாராவது கேட்டால் ரெண்டு இட்லி. கேட்காவிட்டாலும் மனசுக்குள் ரெண்டு இட்லிதான். "நாலு இட்லி," என்றாள். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. "ஒரு தோசை. முறுகலா வேண்டாம், தடியா. கருப்பட்டிக் காப்பி இருக்கா?" இருக்கு என்றவர், "எல்லாம் உங்களுக்காக்கா, இல்ல பார்சலும் உண்டா?" என்று கேட்டார். "எல்லாம் எனக்குத்தான். இங்கன உக்காந்துதான் திங்கப் போறேன்." அவர் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். இட்லி வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள், மாத்திரையைப் போட்டுக்கொண்டாள், முதல் வாயைச் சட்னி தொடாமல் வெறுமனே பிட்டு வாயில் போட்டாள். விழுங்க அவசரம் இல்லை. இங்கே அடுப்பு அணைந்துவிடும் என்று இல்லை, மில்லில் ஆள் காத்திருக்கிறது என்று இல்லை. மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். முதலில் புளிப்பு, பிறகு ஒரு ருசியும் இல்லாத வெண்மை, பிறகு அது கூழாகி நாக்கின் ஓரத்தில், நிஜமாகத்தானா என்று நிறுத்திப் பார்த்தாள், இனித்தது. லேசாக. பால் சோறு அளவுக்கு. சட்னியில் ஏதும் சேர்ந்திருக்குமோ என்று இலையைப் பார்த்தாள், சட்னியைத் தொடவேயில்லை. இன்னொரு விள்ளல் எடுத்து மறுபடியும் மென்றாள். மறுபடியும் இனித்தது. யாரும் போடவில்லை அந்தச் சீனியை. அவள் வாய்தான் போட்டது. இத்தனை வருஷம் டப்பாவைப் பூட்டி, கிழங்கைத் துரத்தி, அவரைக்காயை ஒதுக்கி, எல்லாக் கதவையும் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அது உள்ளேயே அவள் எச்சிலில் தயாராகிக்கொண்டிருந்தது. அழுகை வர வேண்டும், வரவில்லை. சிரிப்பு வந்தது, வாயில் இட்லியோடு.

மில்லில் அரிசி கொட்டினால் வெள்ளை மாவு, கேப்பை கொட்டினால் கறுத்த மாவு, கம்பு பச்சை ஓடிய மாவு, கோதுமை பழுப்பு. நிறத்தைத் தவிர என்ன வித்தியாசம். கையை நீட்டினால் எல்லாமே ஒரே சூடு, ஒரே மெத்து, எல்லாமே காற்றில் பறந்து அவள் புருவத்தில்தான் வந்து உட்காரும். சுகருக்கு நல்லது என்று கேப்பையும் கம்பும் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரே சொல், நைஸா அரைங்க, தொண்டையில குத்தக் கூடாது. அவளும் இன்னொரு தடவை விட்டு, இன்னொரு தடவை விட்டு, பவுடராக்கிக் குடுப்பாள். நல்லது என்று அவளும் குண்டா நிறையக் கூழ் கரைத்துக் குடித்தாள், குடித்துவிட்டு மத்தியானம் தலை சுற்றிப் படுத்தாள். முழுசாக இருந்தால் வயிறுதான் அரைக்க வேண்டும், அது மெல்ல நடந்து வரும். அரைத்துக் குடுத்தாயிற்று, பிறகு ஏன் நடக்கும், ஓடத்தான் செய்யும். பெனிட்டா சொன்னது இதுதானோ. இதைத் தெரிந்துகொள்ள எட்டாவதுக்கு மேல் படித்திருக்க வேண்டுமா, படித்திருந்தாலும் நாக்கில் வைத்துப் பார்க்காவிட்டால் தெரிந்திருக்குமா. தோசை ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாவது இட்லியிலேயே வயிறு போதும் என்றது, அதுவும் அவளுக்குப் புதுசாக இருந்தது, உட்கார்ந்து மென்று தின்றால் வயிறு பேசும் போலிருக்கிறது. நிறுத்தலாமா. இல்லை. நாளைக்கு நிறுத்தலாம். நாளைக்கு இரண்டில் நிறுத்தலாம், இட்லியைக் குறைத்துவிட்டு அவித்த பயறு ஒரு கிண்ணம் வைக்கலாம், சீனி அவரைக்காயைத் தட்டு நிறைய வைத்துக்கொண்டு அவர் கண் முன்னாலேயே தின்னலாம். இன்றைக்கு இந்த ரத்தம் தினமும் வீட்டு அடுப்படியில் ஓடுகிற ரத்தமாக இருக்க வேண்டும். அது எவ்வளவு கெட்டதோ அவ்வளவு கெட்டதாக இருக்கட்டும். ஆவுடையக்கா, நீ நல்லதைத் தூக்கிக் குடுத்தாய். நான் இதைக் குடுக்கப் போகிறேன். நாலாவது இட்லியையும் தின்றாள். தோசையைத் தின்றாள், கடைசித் துண்டில் ருசியே இல்லை. காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். இப்படி ஒரு பிடிவாதத்தோடு வாழ்நாளில் அவள் ஒரு பண்டத்தையும் தின்றதில்லை.

பிறகு நடக்கவில்லை. கோயில் வாசல் வரை போய், கோபுரத்தை அண்ணாந்து கும்பிட்டுவிட்டு, தினமும் மில்லில் இந்த நேரத்தில் ஸ்டூலில் உட்காருகிற மாதிரி, லேப்புக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. வயிற்றில் இட்லி ஒவ்வொன்றாக அவிழ்ந்து வரிசை கட்டி ரத்தத்துக்குள் இறங்குவது தெரிகிற மாதிரி இருந்தது, இதோ கருப்பட்டி முதலில் ஓடுகிறது, பின்னாலேயே இட்லி, தோசை மூச்சிரைக்க. எழுந்து ஓடிவிடலாமா, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாமா என்று ஒரு தடவை தோன்றியது, இரண்டு தடவை தோன்றியது, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பக்கத்தில் காலையில் பார்த்த பெரியவர். அவர் தானாகவே பேசினார். "நான் வெள்ளரிக்காதான் தின்னேன். ரெண்டு வெள்ளரிக்கா. நீங்க?" நாலு இட்லி, ஒரு தோசை என்றாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "முதத் தடவையா? யாரும் சொல்லித் தரலையா?" என்றார். "சொல்லித் தந்தாங்க. அதான் தின்னேன்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. எங்க அக்கா என்று ஆரம்பித்தவள் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு அவர் செருப்புக்குள் கறுத்துத் தெரிந்த விரல்களைப் பார்த்துவிட்டு, நிறுத்தினது தப்பு என்று, முழுவதையும் சொன்னாள், பாகற்காய்ச் சாற்றில் இருந்து தட்டையான போர்வை வரை. பெனிட்டா கூப்பிட்டபோது, "நான் நாளைக்கு வாரேன்ம்மா, இன்னைக்கி வயிறு சரியில்ல" என்று எழுந்து போனார்.

இரண்டாவது ஊசி முதல் ஊசியைவிட வலித்தது. பெனிட்டா ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் காகிதத்தோடு வந்தாள், முகத்தை வைத்தே தெரிந்தது. "முந்நூத்தி நாப்பதுக்கா" என்றாள் மெதுவாக, தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி. என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். வடிவு சொன்னாள். வீட்டில் தண்ணி ஊற்றி வழிக்கிற தோசை வரைக்கும் சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் ரெண்டு இட்லின்னுதான்க்கா சொல்வாங்க." முந்நூற்று நாற்பது. எவ்வளவு பெரிய எண். இத்தனை நாளும் வீட்டு மூலையில் பெயர் தெரியாமல் உறுமிக்கொண்டிருந்தது இதுதான். இப்போது பெயர் தெரிந்துவிட்டது, அடக்கமாகக் காகிதத்தில் உட்கார்ந்திருந்தது. எழுந்து நின்றாள், வலது காலுக்குத் தரை கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. பெயில்தான். நன்றாகப் பார்த்து எழுதின பரீட்சையில் நன்றாகப் பெயில். போன் அடித்தது.

"எவ்வளவு?" என்றார் பிச்சையா. மில் சத்தம் இல்லை, நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறார். சொன்னாள். "ஒரு இட்லின்னு சொன்னேம்லாட்டி" என்றார், அழுகிற குரலில். "கேளுங்க. நான் மூணு வேளையும் சோறுதான் திங்கேன். அரைச்சுத் திங்கேன், அவிச்சுத் திங்கேன், சுட்டுத் திங்கேன், எல்லாம் சோறுதான். ஒரு வேளைன்னு டாக்டர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இப்பப் போயி நேர்ல சொல்லப் போறேன். வலது கால்ல செருப்பு கழண்டது தெரியாம ரோட்டுல நடந்து வந்தேன், அதையும் சொல்லப் போறேன்." எப்ப, எப்ப நடந்து வந்த என்று அவர் பதறினார். "வீட்டுக்கு வந்து சொல்லுதேன்." "ஏட்டி, ஊசின்னு சொல்லிருவாங்களே." "சொல்லட்டும். காலு எனக்கு வேணும், அதுக்கு ஊசின்னா ஊசி. நானே குத்திக்கிடுதேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பயமா இருந்தா அந்தப் பக்கமா திரும்பி நின்னுக்கிடுங்க" என்றாள் சங்கரவடிவு, காகிதத்தை மடிக்காமல் விரித்தபடியே கையில் பிடித்துக்கொண்டு டாக்டரின் கிளினிக் தெருவைப் பார்க்க நடந்தாள்.